அறிவினாவும் தேர்வு வினாவும்: சென்னைப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வும் தமிழ் இலக்கண வினாவிடை நூல்களும்

ஆய்வுச் சுருக்கம்

1857 இல் தோற்றுவிக்கப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம், உயர்கல்விக்குள் நுழைவதற்கான வாயிலாக மெட்ரிகுலேசன் தேர்வை அமைத்தது. அத்தேர்வில் தமிழை மொழிப்பாடமாகக் கொண்ட மாணவர் இலக்கண வினாக்களுக்கு விடையளிக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பே அச்சில் வழங்கிவந்த இலக்கண வினாவிடை நூல்களும் இலக்கணச் சுருக்கங்களும் இத்தேர்வுச் சூழலில் புதிய பயன்பாட்டைப் பெற்றன. நன்னூலின் உரைமரபில் வினாவும் விடையும் பெற்றிருந்த இடம், தேர்வு வினாவாக அவை மாறியபோது அடைந்த மாற்றம், அம்மாற்றத்தால் தமிழ் இலக்கணக் கல்வி பெற்றவை, இழந்தவை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தேர்வு இலக்கணக் கல்வியைச் சிதைத்தது என்னும் கருத்தும், அதனைப் பொதுமைப்படுத்தியது என்னும் கருத்தும் தனித்தனியே முழுமையற்றவை என்பது இதன் முடிவாகும்.

திறவுச் சொற்கள்: நன்னூல், காண்டிகையுரை, வினாவிடை, மெட்ரிகுலேசன், இலக்கணச் சுருக்கம், ஆறுமுக நாவலர், பகுபதம், சார்பெழுத்து.

முன்னுரை

தமிழ் இலக்கண வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நூலாசிரியர், உரையாசிரியர், பதிப்பாசிரியர் ஆகிய மூவரையும் மையமாகக் கொண்டே எழுதியுள்ளனர். இலக்கணத்தைக் கற்றுத் தேர்வெழுதிய மாணவர் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகிறார். ஆயினும் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தமிழ் இலக்கண நூல்களை விலைக்கு வாங்கியோருள் பள்ளி மாணவர் பெருந்தொகையினர். அவர்களுடைய தேவை எந்த நூல் அச்சிடப்பட வேண்டும், எந்தப் பகுதி சுருக்கப்பட வேண்டும், எந்தப் பகுதி விடப்படலாம் என்பவற்றைத் தீர்மானிக்கும் ஆற்றல் உடையதாக இருந்தது. எனவே தேர்வுக்கு ஆயத்தமாகும் முறையின் வரலாறு, இலக்கணத்தின் வரலாற்றுக்குப் புறம்பானதன்று. அதன் ஒரு கூறேயாகும்.

இலக்கணத்தை வினாவிடையாகக் கற்பது ஆங்கிலக் கல்வியோடு வந்த புதுமை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழ் உரைமரபில் வினாவுக்கு உரிய இடத்தை நோக்குங்கால் இக்கருத்து திருத்தம் வேண்டுவதாகிறது. வினா புதியதன்று, வினவுவோரும் வினவும் நோக்கமுமே மாறின. அம்மாற்றத்தைத் தடம்காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. உரைமரபில் வினாவும் விடையும்

13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் தலைவனின் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்து, சொல் என்னும் இரண்டு அதிகாரங்களை உடையது. ஒவ்வோர் அதிகாரமும் ஐந்து இயல்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. தொல்காப்பியத்தினும் சுருக்கமாகவும் ஒழுங்குபட்ட வைப்புமுறையோடும் அமைந்தமையால், பிற்காலத்தில் இலக்கணம் கற்பார்க்கு முதல் நூலாக இதுவே நிலைபெற்றது.

நன்னூலின் பொதுப்பாயிரம் கற்றல் கற்பித்தல் பற்றிய தனித்த சிந்தனையைக் கொண்டுள்ளது. காண்டிகையுரைக்கு இலக்கணம் கூறுமிடத்து, கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றோடு வினாவும் விடையும் சேர்ந்து நூற்பாவின் உட்பொருளை விளக்குவதனை அது சுட்டுகிறது. ஆகவே வினாவிடை என்பது உரையின் உறுப்புகளுள் ஒன்று. உரையாசிரியர் தாமே ஒரு தடையை எழுப்பி, அதற்கு விடை கூறி, நூற்பாவின் எல்லையை வரையறுப்பர். மயிலைநாதர், சங்கர நமச்சிவாயர் ஆகியோருடைய உரைகளிலும், சங்கர நமச்சிவாயர் உரையைத் திருத்தி விரித்த சிவஞான முனிவரின் விருத்தியுரையிலும் இம்முறையைக் காணலாம். இவ்வினாக்கள் பெரும்பாலும் 'ஏன்' என்பவை. ஒரு நூற்பா இவ்விடத்தில் வைக்கப்பட்டது ஏன், ஒரு சொல் மிகைபோலத் தோன்றியும் நின்றது ஏன், முன்னோர் நூலினின்று இது வேறுபடுவது ஏன் என்பன அவற்றின் இயல்பு.

மாணவன் கற்கும் முறையைப் பற்றியும் பாயிரம் பேசுகிறது. பாடத்தைப் போற்றல், கேட்டவற்றை நினைத்தல், ஆசிரியரை அடைந்து மீண்டும் கேட்டல், உடன் கற்போரோடு பயிலல், வினாதல், வினாயவற்றுக்கு விடை கூறல் ஆகியன கற்போர்க்குரிய கடன்களாக அங்கு அமைகின்றன. ஆசிரியர் கூறியதை முழுதும் ஏற்றுக்கொண்டாலும் புலமையில் காற்பங்கே நிரம்பும். உடன் பயில்வோரால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு உரைப்பதனால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அந்நூலின் கணக்கு. இங்கு மாணவன் வினவுவோனாகவும் விடையளிப்போனாகவும் இருக்கிறான் என்பது கருதத்தக்கது.

நன்னூலின் பொதுவியல் வினாவை ஆறாகப் பகுக்கிறது. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன அவை. தான் அறிந்த ஒன்றைப் பிறன் அறிந்துள்ளானா என்று காணும்பொருட்டு வினவுவது அறிவினா. ஆசிரியர் மாணவரை வினவுவது இதற்குக் காட்டப்படும் வழக்கமான எடுத்துக்காட்டு. விடையையோ எட்டாகப் பகுக்கும் அந்நூல், நேராக விடையிறுப்பதோடு வினாவுக்கு எதிர்வினா எழுப்புதலையும் விடையாகக் கொள்கிறது. இப்பகுப்பின் வழி நோக்கின், மரபுவழி இலக்கணக் கல்வியில் அறிவினாவோடு அறியாவினாவும் ஐயவினாவும் இடம்பெற்றிருந்தன எனலாம். தேர்வு வினாவோ முற்றிலும் அறிவினா. வினவுவோர்க்கு விடை முன்பே தெரியும். எதிர்வினாவுக்கு அங்கு இடமில்லை.

2. கோட்டைக் கல்லூரியும் அச்சு வினாவிடை நூல்களும்

தமிழ் அச்சின் தொடக்க நூல்களிலேயே வினாவிடை வடிவம் காணப்படுகிறது. 1579 இல் கொச்சியில் அச்சிடப்பட்ட கிரிசித்தியானி வணக்கம், குருவும் மாணவரும் உரையாடும் முறையில் சமயக் கோட்பாட்டைக் கற்பித்தது. பின்னர் மறைப்பணியாளரின் பள்ளிகள் பெருகியபோது இவ்வடிவம் சமயம் கடந்து பிற பாடங்களுக்கும் பரவியது. ஆறுமுக நாவலர் சைவ வினாவிடை எழுதியமை, இவ்வடிவம் எதிரணியினராலும் ஏற்கப்பட்டதற்குச் சான்றாகும்.

இலக்கணத்துறையில் இவ்வடிவம் வேரூன்றியதற்கு 1812 இல் எல்லிஸ் முயற்சியால் நிறுவப்பட்ட சென்னைக் கோட்டைக் கல்லூரி ஒரு காரணம். கிழக்கிந்தியக் கம்பெனியின் இளநிலை அலுவலர்கள் அங்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்றுத் தேர்வெழுதினர். அங்குப் பணியாற்றிய தாண்டவராய முதலியார் இலக்கண வினாவிடையை இயற்றினார். அக்கல்லூரியோடு தொடர்புடைய திருத்தணிகை விசாகப்பெருமாளையர் பாலபோத இலக்கணத்தை எழுதினார். இவ்விசாகப்பெருமாளையரே நன்னூலுக்குக் காண்டிகையுரையும் செய்தவர். உரைமரபில் பயின்ற ஒரு புலவர், பள்ளிக்குரிய இலக்கணத்தையும் எழுதினார் என்பது இரு மரபுகளும் ஒரே கையில் சந்தித்ததைக் காட்டுகிறது. எனவே புதிய இலக்கணப் பாடநூல்கள் புலமை மரபுக்கு வெளியிலிருந்து வந்தவை என்று கொள்ளுதற்கில்லை.

இவ்வரிசையில் அடுத்து நிற்பவர் ஜி. யு. போப். 1839 இல் தமிழகம் வந்த அவர், சாயர்புரத்தில் கல்விப்பணி ஆற்றினார். மாணவரின் நிலைக்கேற்ப, எளியதினின்று அரியதற்குச் செல்லும் படிநிலை வரிசையில் அவர் இலக்கண நூல்களை எழுதினார். தொடக்க நூல்கள் வினாவிடை வடிவின; மேல்நிலை நூலில் நன்னூல் முதலிய மூலநூல்கள் சேர்க்கப்பட்டன. மாணவன் முதலில் விடையைக் கற்று, பின்னரே நூற்பாவைச் சென்றடைவது இவ்வமைப்பின் விளைவு. மரபுவழிக் கல்வியில் இவ்வரிசை தலைகீழாக இருந்தது. அங்கு நூற்பா முதலில் மனனம் செய்யப்பட்டது. பொருள் பின்னர் விளங்கியது.

3. மெட்ரிகுலேசன்: பல்கலைக்கழகத்தின் வாயில்

1854 ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை, இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு இந்தியாவில் பல்கலைக்கழகங்களை நிறுவப் பரிந்துரைத்தது. அதன்படி 1857 இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இவை தொடக்கத்தில் கற்பிக்கும் நிறுவனங்கள் அல்ல; தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிறுவனங்கள். பாடம் கற்பித்தல் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் உரிய பணியாயிற்று. கற்பிப்போர் வேறு, வினவுவோர் வேறு என்னும் பிரிவு இதனால் நிலைபெற்றது. மரபுவழிக் கல்வியில் ஒருவரே ஆற்றிய இரு கடமைகள் இவ்வாறு பிரிந்தன.

1857 செப்டம்பரில் நடைபெற்ற முதல் மெட்ரிகுலேசன் தேர்வை 41 பேர் எழுதினர். 36 பேர் தேறினர். 1880-களில் இத்தேர்வை எழுதுவோர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கினர் ஆயினர். கல்லூரியில் சேர விரும்பாதவரும் அரசு அலுவலகப் பணிக்குரிய தகுதியாகக் கருதி இத்தேர்வை எழுதினர். ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கு அரசுப்பணியில் முன்னுரிமை வழங்கும் 1844 ஆம் ஆண்டின் ஆர்டிஞ்சு தீர்மானம் அமைத்த பாதையில் மெட்ரிகுலேசன் ஒரு மைல்கல்லாயிற்று. தேர்வில் தேறுவது ஒரு குடும்பத்தின் வாழ்க்கை நிலையையே மாற்றக்கூடியதாக இருந்தது.

இத்தேர்வில் ஆங்கிலம் முதன்மை பெற்றது. கணிதம், வரலாறு, புவியியல் ஆகிய பாடங்களோடு இரண்டாம் மொழி ஒன்றும் உண்டு. தமிழைத் தேர்ந்தவர், பாடமாக வைக்கப்பட்ட பகுதிகள், இலக்கணம், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் தேர்ச்சி காட்ட வேண்டும். ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் பெரும்பொழுதைச் செலவிட்ட மாணவனுக்குத் தமிழ் இலக்கணத்துக்கு எஞ்சிய காலம் குறைவு. நன்னூலின் 400-க்கு மேற்பட்ட நூற்பாக்களையும் விருத்தியுரையையும் ஆண்டுக்கணக்கில் பாடங்கேட்கும் வாய்ப்பு அவனுக்கு இல்லை. குறுகிய காலத்தில், வரையறுக்கப்பட்ட பகுதியில், எதிர்பார்க்கத்தக்க வினாக்களுக்கு விடையெழுதும் திறனே அவனுக்குத் தேவைப்பட்டது.

இவ்விடத்தில் மற்றொரு புதுமையும் கருதத்தக்கது. பல்கலைக்கழகத்தின் நாட்காட்டி நூல்களில் முந்தைய தேர்வுகளின் வினாத்தாள்கள் அச்சிடப்பட்டன. எத்தகைய வினாக்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதை ஆசிரியரும் மாணவரும் கண்டறிய இவை வழிசெய்தன. முன்னர் மாணவன் நூலைக் கற்றான். இப்போது நூலோடு வினாத்தாளையும் கற்றான். இலக்கணக் கல்வியில் வினாத்தாள் ஒரு மூலநூலின் நிலையை அடைந்தது எனக் கூறின் மிகையாகாது.

4. நாவலரின் இலக்கணச் சுருக்கம்

இச்சூழலில் எழுந்த நூல்களுள் நீடித்த செல்வாக்குப் பெற்றது ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கம். நாவலர் (1822–1879) யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் கற்று, அங்கேயே கற்பித்தவர். அவரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் ஈடுபட்டவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1851 இல் நன்னூல் விருத்தியுரையைப் பதிப்பித்தார். ஆகவே விருத்தியுரையின் நுட்பத்தையும், ஆங்கிலப் பள்ளியின் வகுப்பு ஒழுங்கையும் ஒருங்கே அறிந்தவர் அவர்.

இலக்கணச் சுருக்கம் நூற்பாக்களை மேற்கோளாகத் தொடுத்து விளக்கும் நூலன்று. உரைநடையில் சிறு பத்திகளாக இலக்கண விதிகளைக் கூறுவது. எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் ஆகியவற்றோடு தொடர்மொழியதிகாரம் என்னும் மூன்றாம் அதிகாரமும் அதில் உண்டு. நன்னூலில் சொல்லதிகாரத்தின் பொதுவியலில் அடங்கிய தொடர் பற்றிய செய்திகள் இங்குத் தனியதிகாரமாக வளர்ந்துள்ளன. பகுதிகளின் முடிவில் தேர்வு வினாக்கள் தரப்பட்டுள்ளன. சொல்லிலக்கணம் கூறும் முறையும் நூலின் இறுதிப் பகுதியில் பயிற்சியாக அமைகிறது. ஒரு வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, அதன் வகை, திணை, பால், எண், இடம், வேற்றுமை அல்லது காலம், முடிக்கும் சொல் ஆகியவற்றைக் கூறும் இப்பயிற்சி, ஆங்கில இலக்கணப் பள்ளிகளில் அக்காலத்தே வழங்கிய சொற்பகுப்புப் பயிற்சியை ஒத்தது.

நாவலரின் தேர்வு வினாக்களுக்கு விடைகள் தனியே தரப்படவில்லை. விடைகள் முன்னுள்ள பத்திகளிலேயே உள்ளன. மாணவன் பத்தியைப் படித்து, வினாவைக் கண்டு, விடையைத் தானே எடுத்துரைக்க வேண்டும். இது வினாவிடை நூலினின்று சற்று வேறுபட்ட அமைப்பு. வினாவிடை நூலில் விடை வினாவோடு ஒட்டியே நிற்பதால் இரண்டையும் சேர்த்து மனனம் செய்யலாம். சுருக்கத்திலோ மாணவனின் முயற்சிக்குச் சிறிது இடைவெளி விடப்பட்டுள்ளது. இலக்கண வினாவிடை என்னும் நூலையும் நாவலர் எழுதினார் என்பதால், இரு வடிவங்களின் பயனையும் அவர் வேறுபடுத்தி அறிந்திருந்தார் எனக் கருதலாம். மழவை மகாலிங்கையரும் இலக்கணச் சுருக்கம் என்னும் பெயரில் நூலியற்றியமை, இவ்வகை நூலுக்கு இருந்த தேவையைப் புலப்படுத்துகிறது. 1840-களின் இறுதியில் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தவரும் அவரே.

5. இரு சான்றுகள்: பகுபத உறுப்பும் சார்பெழுத்தும்

தேர்வுக்கேற்ப இலக்கணம் உருமாறியதை இரு சான்றுகளால் விளக்கலாம்.

முதலாவது பகுபத உறுப்பிலக்கணம். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் ஆறனுள் ஏற்பன கூடிப் பதம் முடியும் என்பது நன்னூல் பதவியலின் விதி. 'நடந்தனன்' என்னும் வினைமுற்றில் இவ்வாறு உறுப்புகளும் அமைகின்றன. நட என்பது பகுதி, த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்து நின்ற த் இறந்தகால இடைநிலை, முதல் அன் சாரியை, இறுதி அன் ஆண்பால் வினைமுற்று விகுதி. இவ்விதி தேர்வுக்கு மிகவும் ஏற்றது. சொல் ஒன்றே, விடை வரையறுக்கப்பட்டது, ஒவ்வோர் உறுப்புக்கும் மதிப்பெண் பகிர்ந்தளிக்கலாம், எந்தத் திருத்துநர் திருத்தினும் முடிவு மாறாது. பகுபத உறுப்பிலக்கணம் தமிழ்த் தேர்வுகளில் நீங்கா இடம் பெற்றதற்கு அதன் இலக்கணச் சிறப்போடு இத்தகுதியும் காரணமாயிற்று. மேலும் இது வெறும் மனனத்தால் கைவருவதன்று. விதியை அறிந்த மாணவன் தான் முன்பு காணாத சொல்லையும் பிரிக்க முடியும். தேர்வு வினாவும் இலக்கண அறிவும் இங்கு ஒத்துச் செல்கின்றன.

இரண்டாவது சான்று இதற்கு மாறானது. சார்பெழுத்து எத்தனை என்னும் வினாவுக்கு நன்னூல் வழி விடை பத்து. உயிர்மெய், ஆய்தம், உயிரளபெடை, ஒற்றளபெடை, குற்றியலிகரம், குற்றியலுகரம், ஐகாரக்குறுக்கம், ஔகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம், ஆய்தக்குறுக்கம் என்பன அவை. விரிவகையால் இவை 369. தொல்காப்பியமோ குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் ஆகிய மூன்றையே சார்ந்துவரும் எழுத்துகளாகக் கூறும். மூன்று எவ்வாறு பத்தாயிற்று, உயிர்மெய்யைச் சார்பெழுத்தாகக் கொள்வதன் பொருத்தம் யாது, அளபெடையும் குறுக்கமும் தனியெழுத்தா அன்றி ஒலியளவின் வேறுபாடா என்பன எழுத்திலக்கணத்தின் அடிப்படையைத் தொடும் வினாக்கள். உரைமரபு இத்தகைய வினாக்களை எழுப்பி வாதிட இடமளித்தது. தேர்வு வினாவோ ஓர் எண்ணை மட்டுமே வேண்டுகிறது. பத்து என்று எழுதியவன் மதிப்பெண் பெறுவான். மூன்று என்று எழுதியவன் தொல்காப்பியம் அறிந்தவனாயினும் இழப்பான்.

நாவலர் தம் இலக்கணச் சுருக்கத்தில் எழுத்துகளை உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என நான்காக வகுத்துத் தொடங்குகிறார் என்பது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. முதலெழுத்து, சார்பெழுத்து என்னும் பகுப்பினின்று தொடங்காமல், நெடுங்கணக்கை எழுதக் கற்ற சிறுவனுக்குப் பழக்கமான பகுப்பினின்று அவர் தொடங்குகிறார். நூற்பாவின் வரிசையை மீறும் துணிவு விருத்தியுரையைப் பதிப்பித்தவர்க்கே இருந்தது. சுருக்கம் என்பது குறைத்தல் மட்டுமன்று, மறுசிந்தனையுமாகும் என்பதற்கு இது சான்று. எனினும், அவரைப் பின்பற்றி எழுந்த தேர்வுத் துணைநூல்கள் எல்லாம் இத்தகைய மறுசிந்தனையின் விளைவுகள் எனக் கூறவியலாது.

6. விடுபட்டவையும் மீட்கப்பட்டவையும்

தமிழ் இலக்கணம் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்தாக விரிந்தது. நுழைவுத் தேர்வின் இலக்கணமோ பெரிதும் எழுத்தும் சொல்லுமாகச் சுருங்கியது. இதற்கு நன்னூலின் அமைப்பும் ஒரு காரணம். இன்று கிடைக்கும் நன்னூலில் இவ்விரு அதிகாரங்களே உள்ளன. ஆங்கிலப் பாடத்திட்டத்தில் இலக்கணம் என்பது எழுத்து, சொல், தொடர் பற்றிய கல்வியாகக் கருதப்பட்டமை மற்றொரு காரணம். அந்த அளவுகோலில் பொருளிலக்கணம் இலக்கணமாகத் தோன்றாது. முத்துவீரியம் போன்ற ஐந்திலக்கண நூல்கள் 19 ஆம் நூற்றாண்டிலும் இயற்றப்பட்டன. ஆயினும் பள்ளி மாணவனின் மேசையை அவை சென்றடையவில்லை.

இவ்விடத்தில் சி. வை. தாமோதரம் பிள்ளையின் வாழ்க்கை ஒரு முரணை முன்வைக்கிறது. வட்டுக்கோட்டைக் குருமடத்தில் கற்ற அவரும் கரோல் விசுவநாத பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இளங்கலைப் பட்டதாரிகள். புதிய தேர்வு முறையின் முதல் வெற்றியாளரான தாமோதரம் பிள்ளையே, அத்தேர்வின் எல்லைக்கு வெளியே நின்ற இலக்கணங்களை அச்சேற்றினார். 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடும், 1881 இல் வீரசோழியத்தையும், 1883 இல் இறையனார் அகப்பொருளையும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1889 இல் இலக்கண விளக்கத்தையும் அவர் வெளியிட்டார். ஏடுகள் அழிந்துவருவதையும் அவற்றைப் பேணுவார் இல்லாமையையும் தம் பதிப்புரைகளில் அவர் வருந்திக் குறித்தார். தேர்வு முறையில் தேறியவர்க்குக் கிடைத்த அரசுப் பணியின் வருவாயும் சமூக மதிப்பும் அவருடைய பதிப்புப் பணிக்குத் துணைநின்றன. தேர்வும் புலமையும் எதிரெதிர்த் துருவங்கள் அல்ல என்பதனை இது காட்டுகிறது.

அச்சிட்ட வினாவிடை நூல்களால் விளைந்த நன்மையையும் மறுத்தல் இயலாது. திருமடத்தையோ தனிப்புலவரையோ அடைந்து பல ஆண்டுகள் பாடங்கேட்பதற்குக் காலமும் பொருளும் சாதிநிலையும் துணைநிற்க வேண்டும். சிறுநூலொன்றை விலைக்கு வாங்கியவர், புலமை மிக்க ஆசிரியர் இல்லாத ஊரிலும் இலக்கணத்தின் அடிப்படைகளை அறிய முடிந்தது. அதே வேளையில் இதனை மிகைப்படுத்துதலும் தகாது. மெட்ரிகுலேசன் தேர்வு ஆங்கிலக் கல்வியை முன்நிபந்தனையாகக் கொண்டது. அக்கல்விக்குக் கட்டணம் செலுத்த இயன்றவரே அதன் வாயிலை அணுகினர். இலக்கண நூலின் விலை குறைந்தது. தேர்வுக் கூடத்தின் கதவு அதே அளவுக்குத் திறக்கவில்லை.

7. நெட்டுரு பற்றிய விவாதமும் மாற்றுத் தேர்வுகளும்

தேர்வுக் கல்வி மாணவரை நெட்டுருச் செய்வோராக்குகிறது என்னும் குறை 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. 1902 ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழக ஆணையம், கற்பித்தல் தேர்வுக்கு அடிமைப்பட்டிருப்பதைப் பெருந்தீங்காகச் சுட்டியது. தமிழ் இலக்கணத்தைப் பொறுத்தவரை இக்குறையைச் சற்று நுணுகி நோக்க வேண்டும். மரபுவழிக் கல்வியும் மனனத்தையே அடித்தளமாகக் கொண்டது. நூற்பாக்கள் செய்யுள் வடிவில் அமைந்ததே மனனத்தின் பொருட்டு. வேறுபாடு மனனம் செய்யப்பட்ட பொருளில் உள்ளது. நூற்பாவை மனனம் செய்தவன் பல சொற்களுக்குப் பொருந்தும் விதியை உடைமையாகப் பெற்றான். வாழ்நாளில் எப்போது வேண்டினும் அதனை விரித்துக் காணலாம். விடையை மனனம் செய்தவன் ஒரு வினாவுக்குரிய முடிவை மட்டுமே பெற்றான். வினா மாறின் விடை பயன்படாது.

இந்நிலைக்கு மாற்றாகத் தமிழ்ப் புலமையை அளக்கும் தனித் தேர்வுகளும் தோன்றின. 1901 இல் பாண்டித்துரைத் தேவரின் முயற்சியால் நிறுவப்பட்ட மதுரைத் தமிழ்ச் சங்கம், பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் மூன்று படிநிலைத் தேர்வுகளை நடத்தியது. 1921 இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கமும் இத்தகைய பண்டிதத் தேர்வுகளை நடத்தியது. இவை மரபிலக்கணக் கல்விக்கு மீண்டும் இடமளித்தன. ஆயினும் பல்கலைக்கழகத்தின் படிநிலை ஒழுங்கையும் தேர்வு வடிவத்தையும் அவையும் ஏற்றுக்கொண்டன. முதற்படிக்குப் பிரவேசம், அதாவது நுழைவு, என்னும் பெயர் அமைந்ததே இதனைப் புலப்படுத்தும். தேர்வின் குறையைக் களைய முற்பட்டோரும் மற்றொரு தேர்வையே அமைத்தனர்.

சென்னை மாகாணத்தில் 1911 முதல் பள்ளி இறுதிச் சான்றிதழ்த் தேர்வு நடைமுறைக்கு வந்தபோது மெட்ரிகுலேசன் தன் முதன்மையை இழந்தது. ஆனால் அது உருவாக்கிய ஆயத்த முறை தொடர்ந்தது. 20 ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனார் எழுதிய துணைநூல்கள் கோனார் தமிழ் உரை என்னும் பெயரால் பல தலைமுறை மாணவர்க்கு அறிமுகமாயின. மயிலைநாதர் உரை, விருத்தியுரை என வழங்கிய 'உரை' என்னும் சொல், தேர்வுத் துணைநூலின் பெயராயிற்று. இச்சொல்லின் பயணத்திலேயே இலக்கணக் கல்வியின் 700 ஆண்டு வரலாறு சுருங்கக் காணப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• இலக்கணத்தை வினாவிடையாகக் கற்றல் ஐரோப்பியர் வழிவந்த புதுமை மட்டுமன்று. காண்டிகையுரை மரபிலேயே அதற்கு இடம் இருந்தது. அச்சும் பள்ளியும் அதனை உரையினின்று பிரித்துத் தனிநூலாக்கின.

• 1857 இல் தொடங்கிய மெட்ரிகுலேசன் தேர்வு, கற்பிப்போரையும் வினவுவோரையும் பிரித்தது. அதனால் 'ஏன்' என்னும் வினா பின்னடைந்து, 'எத்தனை', 'எவை', 'யாது' என்னும் வினாக்கள் முன்னின்றன.

• பகுபத உறுப்பிலக்கணம் போல விதியைப் பயன்படுத்தச் செய்யும் வினாக்களில் தேர்வும் இலக்கண அறிவும் ஒத்துச் சென்றன. சார்பெழுத்தின் தொகை போலக் கருத்து வேறுபாடுள்ள இடங்களில் தேர்வு ஒரு நூலின் முடிவை ஒரே முடிவாக்கியது.

• இலக்கணச் சுருக்கங்களை எழுதிய முன்னோடிகள் உரைமரபில் ஆழ்ந்த புலமை உடையோர். அவர்தம் நூல்களை மூலநூலுக்கு மாற்றாகக் கொண்ட பிற்கால வழக்கமே குறைக்குக் காரணமாயிற்று.

இன்றும் போட்டித் தேர்வுகளில் இலக்கணக் குறிப்பு எழுதுதல், பிரித்தெழுதுதல், வேர்ச்சொல் காணுதல் ஆகிய வினாக்கள் இடம்பெறுகின்றன. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் முறை, அறிவினாவை அதன் இறுதி எல்லைக்குக் கொண்டு சென்றுள்ளது. விடையை மாணவன் கூறவும் வேண்டியதில்லை, சுட்டினால் போதும். இத்தேர்வுகளைத் தவிர்த்தல் இயல்வதன்று. ஆயின் அவற்றுக்கு ஆயத்தமாகும் வகுப்பறையில் மாணவனும் வினவலாம். நன்னூலார் கற்போர்க்கு விதித்த கடன்களுள் விடையளித்தலுக்கு முன் வினாதல் வைக்கப்பட்டுள்ளது. அவ்வரிசையைப் பாடத்திட்டம் வகுப்போர் கருத்திற்கொள்ளின், தேர்வுக்குக் கற்ற இலக்கணம் தேர்வுக்குப் பின்னும் மாணவனிடம் எஞ்சும்.